தேக்கு நிழலில் ஓர் ஓம்

கொடிகாமம்,
14.06.2018

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் நிரோஜினியும் மாடுகளும் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் எந்நேரமும் நினைப்பு. நோர்வேயில் ஆனி மாதத்திலும் ஸ்வெற்றர் போடவேண்டும் என்று நீங்கள் சொன்னதை நிரோஜினி இன்னும் நம்பவில்லை. இங்கே கிணற்றடிக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாத வெயில்.

கையில் போன் இருக்க இவள் ஏன் பேனை எடுத்தாள் என்று யோசிப்பீர்கள். உங்களோடு போனில் கதைத்தால் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடும். சின்ன வயதிலும் அப்படித்தானே, நீங்கள் கதைப்பீர்கள், நான் தலையாட்டுவேன். கடிதம் என்றால் நீங்கள் இடையில் புக முடியாது.

விசயம் இதுதான். நேற்றுக் காலை ஒரு கொம்பனி வாகனம் வந்து உங்கள் காணிப் படலையில் நின்றது. இரண்டு பெடியள் கயிறு பிடித்து முளை அடிக்கத் தொடங்கினார்கள். கூட ஒரு பிள்ளை, தாரிகா என்று பெயர், புத்தூர்ப் பக்கத்தாள். அவள்தானாம் வெளிக்கள உத்தியோகத்தர். "அன்ரி, தேக்கு நடப்போறம். ஐயா நோர்வேயிலையிருந்து கையெழுத்து வைச்சிட்டார். உங்களுக்கும் தெரியும் எண்டு சொன்னவர்" என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால் உங்களைப் பொய்யர் ஆக்குகிற மாதிரி இருக்கும். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அண்ணை, காணி உங்களுடையது. அதில் எனக்குக் கதை இல்லை. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது வீடும் வளவும், பக்கத்துத் தரை உங்களுக்கு. ஆனால் கண்ணிவெடி எடுத்து முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து என் மாடுகள் அந்தத் தரையில்தான் மேய்கின்றன. இவர் செத்துப்போனபின் மகளைப் படிப்பித்ததும் வீட்டில் உலை வைப்பதும் அந்தப் புல்லால்தான். ஒருவரிடமும் கைநீட்டாமல் இருக்கிறேன் என்றால் அதுவும் அந்தப் புல்லால்தான். செங்காரிக்கும் மூளிக்கும் அவற்றின் கன்றுகளுக்கும் இனிப் புல்லுக்கு எங்கே போவேன்? முழுவதும் நடாமல், கிணற்றுப் பக்கம் ஒரு துண்டையாவது வெறுமையாக விடச் சொல்லுவீர்களா?

கோபிக்க வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கச்சி,
குணம்


பேர்கன்,
05.07.2018

அன்புத் தங்கச்சி குணலட்சுமிக்கு,

உன் கடிதம் கண்டு முதலில் பயந்துபோனேன். இந்தக் காலத்தில் கடிதம் வந்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதானே அர்த்தம். திறந்து பார்த்தால் மாட்டுக் கதை. அண்ணி சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனாள்.

குணம், மாசி மாதம் இதையெல்லாம் நான் உனக்குப் போனில் விளக்கமாகச் சொன்னேனே! தரை சும்மா கிடந்தால் இன்றைக்கு ஒருவன் வேலியைத் தள்ளிப் போடுவான், நாளைக்கு ஒருவன் கொட்டில் போட்டுக் குந்துவான் என்றேன். ஓம் என்றாய். கொம்பனி தேக்கு நட்டு, தண்ணீர் விட்டு, காவல் பார்த்து, இருபது வருடத்தில் வெட்டிப் பங்கு தரும் என்றேன். அதற்கும் ஓம் என்றாய். அப்ப கையெழுத்து வைக்கட்டோ என்று கேட்டேன். மூன்றாம் தரமும் ஓம் என்றாய். உன் ஓமை நம்பித்தான் நான் கையெழுத்து வைத்தேன்.

கிணற்றுப் பக்கத்துத் துண்டையும் சேர்த்துத்தான் வரைபடம் போட்டுவிட்டார்கள். இனி மாற்றுவது கரைச்சல். ஆனால் நீ இதை யோசித்துப் பார். இப்போது மாடுகள் கொளுத்துகிற வெயிலில் நிற்கின்றன. மரம் வந்தால் நிழலில் நின்று குளிர்மையாக மேயும். நிழல் என்றால் ஈரம், ஈரம் என்றால் புல். வெயில் பட்டுக் காய்கிற புல்லைவிட நிழல் புல் பச்சையாக வராதா?

நான் பென்சன் எடுத்துக்கொண்டு அங்கேதான் வரப்போகிறேன். நீயும் நானும் கிழடு தட்டி அந்தத் தேக்கு நிழலில் கதிரை போட்டு இருப்போம். நீ செங்காரியைப் பற்றிக் கதை, நான் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணை
குகதாசன்


கொடிகாமம்,
02.09.2018

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி சிரித்தது எனக்கும் சந்தோசம். அவ சிரித்தால் அந்த வீட்டுக்கே நல்லது.

ஓம் என்று சொன்னது உண்மைதான், மூன்று தரமும் சொன்னேன். ஆனால் அண்ணை, நோர்வேக்குப் போய் எங்களுடைய ஓமை மறந்துவிட்டீர்களா? நீங்கள் நாலு வசனத்துக்கு ஒருதரம் "கேக்குதோ, குணம், கேக்குதோ?" என்பீர்கள். நான் "ஓம்" என்பேன். இங்கே ஆரும் கதை சொன்னால் நாங்கள் ஓம், ஓம் என்றுதானே கேட்டுக்கொண்டிருப்போம். செத்தவீட்டில் இருந்து கதை கேட்டாலும் ஓம் போடுகிறோம். ஆள் செத்ததற்கு நாங்கள் சம்மதம் என்றா அர்த்தம்? நேருக்கு நேர் என்றால் தலையாட்டியிருப்பேன். போனில் தலையாட்டினால் உங்களுக்குத் தெரியாது என்றுதான் ஓம் என்றேன். என் ஓம் கேட்குது என்கிற ஓம். தேக்கு நடுங்கோ என்கிற ஓம் இல்லை.

சரி, அதைக் கதைத்து இனி என்ன. கன்றுகள் நட்டாகிவிட்டன. கொம்பனிக்காரரின் தண்ணி மோட்டர் ஒரு கிழமையாகப் பழுது. அவை வாடி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே பின்னேரங்களில் வாளியால் வார்க்கிறேன். பச்சைப் பிள்ளைகள், அதுகள் என்ன செய்தன. ஒரு வருடத்துக்கு மாடு உள்ளே வரக்கூடாது என்று கம்பி அடித்துவிட்டார்கள். புல்லை நான் செருக்கி எடுக்கலாம் என்று தாரிகா சொல்லியிருக்கிறாள். உழவாரமும் கடகமுமாகப் போய் வருகிறேன்.

நிழலில் புல் வரும் என்று நீங்கள் சொன்னால் வரும். பார்ப்போம்.

குணம்


கொடிகாமம்,
16.02.2020

அன்புள்ள அண்ணைக்கும் அண்ணிக்கும்,

நிரோஜினியின் கலியாணம் நல்லபடி நடந்தது. படங்கள் பார்த்திருப்பீர்கள். தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் நீங்கள் இல்லாததுதான் குறை. சித்தப்பாவின் மகன் நின்றார். பிள்ளை அழுததை வீடியோக்காரன் வெட்டிப்போட்டான், நல்லதுதான். மாப்பிள்ளை வீடு அரியாலையில், கடலேரிப் பக்கம். நல்ல பொடியன்.

இப்போது நான் ஒரு விசயத்தை ஒத்துக்கொள்ளவேண்டும். நீங்கள் சொன்னது சரிதான். மரங்கள் என் தோளுக்கு மேலே போய்விட்டன. அதுகளுக்குப் போடுகிற பசளையும் விடுகிற தண்ணீரும் புல்லுக்கும் போகிறது. இவ்வளவு பச்சையாக அந்தத் தரையை நான் கண்டதில்லை. வரிசைக்கு வரிசை அறுகு பாய் விரித்த மாதிரிக் கிடக்கிறது. சபையில் அறுகரிசி போட்டுப் பிள்ளைகளை வாழ்த்தினார்களே, அந்த அறுகு உங்கள் தரையில் வெட்டினது. மற்ற வீடுகளில் சந்தையில் வாங்குவார்கள். ஐயரே கேட்டார், "உது எங்கை பிடுங்கினது பிள்ளை, இவ்வளவு நீட்டு அறுகு?" என்று. "அண்ணையின்ரை காணியிலை" என்றேன். நீங்கள் வராவிட்டாலும் உங்கள் புல் வந்து என் பிள்ளையின் தலையில் விழுந்தது.

மாடுகளையும் இப்போது உள்ளே விடுகிறார்கள். செங்காரி கறக்கிற பாலைப் பால் சங்கத்துக்காரர் நம்பமாட்டோம் என்கிறார்கள், தண்ணி கலக்கிறேனோ என்று பால்மானியை வைத்துப் பார்க்கிறார்கள்!

ஒன்று மட்டும். கொம்பனிப் பெரியவர் ஒருவர் வந்து புல்லைப் பார்த்துவிட்டு, "களை கூடிப்போச்சு. மருந்தடிக்கவேணும்" என்றார். எனக்குப் புல், அவருக்குக் களை. மருந்தடித்த புல்லை மாடு தின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அன்புடன்,
குணம்


பேர்கன்,
03.05.2020

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே ஊரடங்கு மாதிரித்தான். ஆளை ஆள் தொடாமல் இருக்கிறோம். அண்ணிக்கு இருமல், ஆனால் அது அந்த இருமல் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பார்த்தாயா? அப்பவே சொன்னேன்! "நிழல் என்றால் ஈரம், ஈரம் என்றால் புல்." எனக்கும் கொஞ்சம் விவசாயம் தெரியும் தங்கச்சி. தாரிகா அனுப்பிய படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிற ஆட்களுக்கெல்லாம் என் காடு என்று காட்டுகிறேன்.

மருந்து விசயம் கதைத்துவிட்டேன். மருந்தடிக்காமல் கையால் வெட்டுவார்கள், அல்லது நீயே செருக்கிக் கொள்ளலாம். உன் அண்ணை சொல்லி ஒன்று நடந்தது என்று எழுதி வைத்துக்கொள்.

அண்ணை


கொடிகாமம்,
09.10.2022

அன்புள்ள அண்ணைக்கு,

அண்ணியின் ஆண்டுத் திவசம் முடிந்திருக்கும். அன்றைக்கு இங்கே நானும் விரதமிருந்து, பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்து, அவவின் பெயரில் ஐந்து பேருக்குச் சாப்பாடு கொடுத்தேன். வீட்டில் தனியே என்ன செய்கிறீர்கள், என்ன சமைக்கிறீர்கள்? போனில் கேட்டால் "எல்லாம் இருக்கு" என்கிறீர்கள். அந்த எல்லாம் என்ன என்று எழுதுங்கள்.

நான் எழுதாமல் இருக்கப் பார்த்தேன். உங்கள் துக்கத்துக்குள் புல்லுக் கதை எதற்கு என்று இருந்தது. ஆனால் இனி எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மரங்கள் தலைக்கு மேலே ஒன்றையொன்று தொட்டுவிட்டன. உள்ளே போனால் மத்தியானமும் கருக்கல்தான். போன மாரியில் வரிசைகளின் நடுவில் மட்டும் புல் நின்றது. இந்த வருடம் அதுவும் இல்லை. முதலில் போனது அறுகு. அதற்கு நேரே வெயில் வேண்டும், மறைத்தால் நீண்டு வெளிறி மயிர் மாதிரி ஆகி ஒருநாள் இல்லாமல் போய்விடும். பிறகு கோரை போனது. இப்போது அங்கங்கே நாயுருவியும் தொட்டாற்சுருங்கியும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறது.

நான் நினைத்தேன், மாசி பங்குனியில் தேக்கு இலை கொட்டுமே, அப்போது வெளிச்சம் விழும், புல் தலை எடுக்கும் என்று. வெளிச்சம் விழுந்தது. ஆனால் அப்போது மழை இல்லை, தரை பாறை மாதிரி. இலையோ ஒவ்வொன்றும் சுளகு அளவு, விழுந்து நிலத்தை மூடிவிட்டது. இனி ஐப்பசியில் மழை வரும்போது மரம் முழு இலையோடு நிற்கும். வெயில் வரும்போது மழை இல்லை. மழை வரும்போது வெயில் இல்லை. புல் எப்போதுதான் முளைக்கும், அண்ணை?

தாரிகாவிடம் கேட்டேன். அவளும் மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைதான். "அன்ரி, மரம் வளர வளரப் புல்லு ஒதுங்கிப்போகும். அது மரத்தின்ரை பிழையில்லை. புல்லின்ரை பிழையுமில்லை" என்றாள். சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்தாள்.

நாட்டு நிலைமை தெரியும்தானே. தவிடு புண்ணாக்கு கைவைக்க முடியாத விலை. மூளியைப் போன கிழமை விற்றுவிட்டேன். கன்றுகள் முன்னமே போய்விட்டன. இனி செங்காரி மட்டும்தான். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கிணற்றுப் பக்கத்துக் கடைசி வரிசையை மட்டும் வெட்டித் தருவார்களா? ஒரு வரிசை போனால் கிழக்கு வெயில் உள்ளே வரும். செங்காரிக்கு அது போதும்.

குணம்


பேர்கன்,
11.12.2022

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்டபடியால் எழுதுகிறேன். எல்லாம் என்றால் பாண், முட்டை, சில நாள் சோறும் ரின் மீனும். அண்ணி இருந்தபோது நான் அடுப்படிக்குள் போனதில்லை. இப்போது உப்பு எந்தப் போத்தலில் என்று நாக்கில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன். போதுமா?

கொம்பனிக்கு எழுதினேன். பதில் வராததால் போன் எடுத்தேன். ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் கொழும்புக்கு மாற்றினார். கடைசியில் ஒருவர் மரியாதையாகச் சொன்னார்: "ஐயா, காணி உங்கடை. மரம் ஒப்பந்தம் முடியும்வரை எங்கடை. ஒரு வரிசையை வெட்டினால் எல்லாக் காணிக்காரரும் ஒரு வரிசை கேப்பினம்." நான் சண்டை பிடித்தேன், குணம். சத்தமாகக் கதைத்தேன். அவர் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உன் ஓம் விளங்கியது.

என் காணியில் ஒரு மரத்தை வெட்ட எனக்கு வழியில்லை. இதை யாரிடம் சொல்லுவது? இங்கே பக்கத்து வீட்டு நோர்வேக்காரனிடம் சொன்னேன். அவன் மரம் நல்லதுதானே என்றான்.

போன ஞாயிறு இங்கே மலைச்சரிவில் நடக்கப் போனேன். ஊசியிலை மரம் நட்ட காடு, நேர் நேர் வரிசை. முப்பது வருடமாக அந்தப் பாதையால் நடக்கிறேன், எப்போதும் மேலே பார்த்துக்கொண்டுதான் நடந்திருக்கிறேன். அன்றைக்கு உன் கடிதத்தை நினைத்துக் கீழே பார்த்தேன். ஒன்றும் இல்லை, குணம். காய்ந்த ஊசி இலையும் பாசியும். ஒரு புல்லுகூட இல்லை. குனிந்து அந்த இலைகளைக் கையால் விலக்கியும் பார்த்தேன். ஒரு கிழவி நாயோடு வந்தாள், ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

செங்காரிக்குத் தீன் வாங்கப் பணம் அனுப்பியிருக்கிறேன். மறுக்காதே.

அண்ணை


கொடிகாமம்,
19.03.2023

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் அனுப்பியதை நிரோஜினி மூலம் திருப்பி அனுப்பினேன் என்று கோபித்து இரண்டு மாதமாகப் போன் எடுக்கவில்லை. கோபிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பால் விற்று மாட்டுக்குத் தீன் போட்டால் அது மாடு வளர்ப்பு. உங்கள் காசில் மாட்டுக்குத் தீன் போட்டு அந்தப் பாலை நான் விற்றால் அதற்கு என்ன பெயர்? நீங்கள் வீட்டுக்குத் தலைப்பிள்ளை, கொடுத்துப் பழகியவர். எனக்கு வாங்கிப் பழக்கமில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. முற்றம் கூட்டுகிற மாதிரி விளக்குமாறு கொண்டுபோய்க் கிணற்றடி வரிசையில் இலை எல்லாம் கூட்டி அள்ளினேன். வெளிச்சம் பட்டால் ஏதாவது முளைக்கும் என்று. முளைத்தது, ஊசி ஊசியாக. பிறகு தைப் பிறப்போடு ஒரு மழை. தேக்கு இலையில் சேர்ந்து விழுகிற துளி சின்னத் துளி இல்லை, அண்ணை. குண்டுமணி மாதிரி விழுந்து நிலத்தைக் குடைகிறது. கூட்டாமல் விட்டிருந்தால் அந்தச் சருகாவது மண்ணைக் காத்திருக்கும். முளைத்தது வேரோடு கழுவுப்பட்டுப் போனது. தாரிகா ஒருவருக்கும் சொல்லாமல் கீழ்க் கொப்புகளைத் தறித்துத் தந்தாள். மேலே மூடியிருக்கும்போது கீழே தறித்து என்ன வரும்.

இப்போது செங்காரிக்குப் பச்சைப் பனையோலை கிழித்துப் போடுகிறேன். வேலியில் பூவரசங்குழை முடிந்துவிட்டது. விடியப் பெருந்தெருக் கரைக்குப் போய் உழவாரத்தால் புல்லுச் செருக்குகிறேன். லொறிகள் காற்றடித்துப் போகும். அன்றைக்கு பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னது காதில் விழுந்தது: "உவ வெளிநாட்டுக்காரன்ரை தங்கச்சியெல்லே. றோட்டிலை புல்லுச் செருக்கிறா." எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. உங்களுக்கு வெட்கமாக இருக்குமோ என்றுதான் இருந்தது.

முழங்கால் முன்னமாதிரி மடங்குதில்லை. மற்றப்படி சுகம். போன் எடுங்கள், கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

குணம்


கொடிகாமம்,
18.01.2024

அண்ணைக்கு,

பட்டிப்பொங்கலுக்குச் செங்காரியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டுப் பொங்கினேன். மறுநாள் தாரிகாவின் தகப்பனார் வந்து கூட்டிக்கொண்டு போனார். புத்தூரில் அவர்களுக்கு மரமில்லாத வெட்டையான தரை இருக்கிறது, நல்ல புல்லாம்.

படலை தாண்டும் மட்டும் சும்மா போனது. தாண்டினபிறகு ஒருதரம் கத்தினது. நான் உள்ளே வந்துவிட்டேன்.

குணம்


பேர்கன்,
22.06.2024

என் அன்புத் தங்கச்சி குணத்துக்கு,

இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். எழுதத் தெரியாமல் இல்லை, கேட்கத் தெரியாமல்.

வேலை முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஒஸ்லோவில், அவர்களுக்கு அவர்களுடைய பாடு. மாரிகாலம் இனி என்னால் தாங்காது. மூன்று மணிக்கு இருட்டினால் அடுத்த நாள் விடியும்வரை யாரோடும் ஒரு சொல் இல்லை. வருகிற தையோடு வந்துவிடுகிறேன். காணியின் தெருக்கரையில் கொம்பனி மரம் நடாத ஒரு கல்லுத் துண்டு இருக்கிறது. அதில் ஒரு சின்ன வீடு கட்டுகிறேன். இவ்வளவுக்கும் பிறகு எனக்கு அந்த ஊரில் ஆர் இருக்கிறார்கள், உன்னைத் தவிர? நீ அரியாலைக்கு மகளிடம் போய்விட்டாய் என்று அறிந்தேன். திரும்பி வந்து உன் வீட்டில் இரு. எனக்குச் சமைக்கவேண்டாம், உடுப்புத் தோய்க்கவேண்டாம். பக்கத்தில் இரு, அவ்வளவுதான். வேலிக்கு மேலால் கூப்பிட்டால் ஒரு குரல் கேட்கவேண்டும்.

போன சனிக்கிழமை இதைப் போனில் கேட்டேன். நீ ஓம் என்றாய்.

ஆனால் குணம், இப்போது எனக்கு உன் ஓம் தெரியும். கேட்குது என்ற ஓமா, வாறன் என்ற ஓமா என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். அதனால்தான் கடிதத்தில் கேட்கிறேன். கடிதத்தில் நான் இடையில் புக முடியாது என்று நீதானே சொன்னாய். ஆறுதலாக யோசித்து எழுது.

உன் அண்ணை
குகதாசன்


அரியாலை,
04.08.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நிரோஜினியும் மருமகனும் குழந்தையும் சுகம். குழந்தை இப்போது குப்புறக் கிடந்து தலை தூக்குகிறாள். பகலில் அவள் என் பொறுப்பு. இங்கே வளவு என்று ஒன்றும் இல்லை, சீமெந்து முற்றமும் மதிலும்தான். மருமகன் என்னைத் தாயைப்போலத்தான் வைத்திருக்கிறான். என்றாலும் இது அவர்களுடைய வீடு. விடிய நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழும்பிக் கறக்க ஒன்றும் இல்லாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. இவரும் கேட்டதில்லை, அம்மாவும் கேட்டதில்லை. என் ஓம் எந்த ஓம் என்று நீங்கள் கேட்டீர்கள். அதை வாசித்துவிட்டுக் கனநேரம் அழுதேன். நிரோஜினி பயந்துபோய் மாமாவுக்கு ஏதாவதோ என்று கேட்டாள்.

போன மாதம் வீட்டைப் பார்த்துவரப் போனேன். உங்கள் மரங்களுக்குள்ளும் போனேன். நல்ல மரங்கள், அண்ணை. நேராக, நோயில்லாமல், பார்க்க ஆசையாக நிற்கின்றன. வாளியால் நான் தண்ணீர் வார்த்த கன்றுகள் எவை என்று எனக்கு இன்னும் தெரியும். கையால் தடவிப் பார்த்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உள்ளே குளிர்மையாக இருந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே. ஆனால் என் கால் நிற்கவில்லை. அந்த நிலத்தில் எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. கையில் உழவாரம் இல்லாமல் அந்தத் தரையில் நான் நின்றது அதுதான் முதல்தரம்.

வெளியே வரும்போது படலைக்கு வெளியே, தெருக்கரையில், வெயில் விழுகிற இடத்தில் ஒரு பிடி அறுகு கிடந்தது. உங்கள் வேலிக்குள் இருந்து ஓடி வெளியே வந்தது போல. கிளப்பிக்கொண்டு வந்து இங்கே உடைந்த பேசின் ஒன்றில் வைத்திருக்கிறேன். மதிலுக்கு மேலால் இரண்டு மணி நேரம் வெயில் வரும். அந்த நேரத்துக்குப் பேசினைத் தள்ளித் தள்ளி வைப்பேன். பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு இரண்டு கிள்ளி வைக்கிறேன்.

நீங்கள் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. எனக்குத் தெரியும். மரத்தின் பிழையில்லை, புல்லின் பிழையுமில்லை என்று தாரிகா சொன்னாளே, அதுதான் உங்களைப் பற்றியும் என் எண்ணம். பக்கத்தில் வந்து இருந்தால் நீங்கள் சொல்லுகிற எல்லாவற்றுக்கும் நான் ஓம் என்றுகொண்டே இருப்பேன். நீங்கள் கூப்பிட்டால் வேலியடிக்கு ஓடி வருவேன், இருக்கச் சொன்னால் இருப்பேன். மிச்ச நாளும் அப்படியே போய்விடும். நீங்கள் தனியே வந்து இறங்குவதையும் நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் அண்ணை, என்னால் வர ஏலாது.

வந்ததும் முதல் சாப்பாடு இங்கேதான். மருமகன் விமான நிலையத்துக்கு வருவான். இறால் பிட்டு அவித்து வைப்பேன். ஒரு மாதம் தங்கினாலும் எனக்குச் சந்தோசம். கொடிகாமத்தில் உங்களுக்குச் சமைக்க நல்ல மனுசி ஒருத்தியையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

இதை வாசித்ததும் நீங்கள் போன் எடுப்பீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். குரல் உடைந்து, "குணம், வாறாய்தானே?" என்று கேட்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் நான் ஓம் என்றுதான் சொல்லுவேன். தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். இந்தக் கடிதத்தை நம்புங்கள்.

உங்கள் தங்கச்சி,
குணம்